பத்தாவது ஆளுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி

1

இந்தக் கதை ஓர் ஓசிச் சாப்பாட்டில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, ‘அப்பவே நெனச்சேன்’ என்று தலையாட்ட வேண்டாம்.

2008 ஜனவரி. பொங்கல் கழிந்த வாரம். திருவிடந்தைக்குக் கொஞ்சம் தெற்கே, கடலோர விடுதி ஒன்றின் புல்வெளியில், ‘மணப்பெண்கள் மனம் திறக்கிறார்கள்’ என்று ஒரு கூட்டம். நடத்தியவள் சுஷ்மிதா. அடுத்தவர் கல்யாணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பது அவள் தொழில். முன்பு இதைத் தாய்மாமன்கள் செய்தார்கள், நடுவில் இரண்டு முறை கோபித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தபடி. சுஷ்மிதா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளிடம் உள்ள ஒரே வசதி அதுதான்.*

அந்த வருடம் அவள் கடையில் புதுச்சரக்கு, யூதக் கல்யாணம். இந்தக் கடற்கரையில் அப்படிக் கல்யாணம் செய்துகொண்ட மூன்று பெண்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்வார்கள். நான் அதைக் கேட்டு, ஒரு வார இதழின் கல்யாணச் சிறப்புப் பகுதிக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். மூன்று பெண்கள் என்றா சொன்னேன்? அதற்கு வருகிறேன்.

(* திருவிடந்தைப் பெருமாள் நாளைக்கு ஒன்று வீதம் வருடம் முழுக்கக் கல்யாணம் செய்துகொண்டவர். அவருக்கு ஒரு சுஷ்மிதா தேவைப்படவில்லை.)

2

தொடக்கங்கள்:

‘அலைகள் தாலாட்டும் மாமல்லபுரத்துக் கரையில், இரு மனங்கள்—’

நிறுத்தினேன். அலை யாரையும் தாலாட்டுவதில்லை. கட்டுமரம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

‘காதலுக்கு மதமில்லை, மொழியில்லை, தேசமில்லை—’

இந்த வாக்கியத்துக்கு வெட்கமும் இல்லை. அடித்துவிட்டேன்.

‘நவோமி மைக்கைப் பிடித்தபோது அவள் விரல்கள் நடுங்கி—’

நடுங்கவில்லை. நான் முதல் வரிசையில், பக்கோடாத் தட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். அவள் மைக்கைத் துடைப்பக்கட்டை மாதிரிப் பிடித்தாள், இந்த வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்கிற மாதிரி.

சரி, தொடக்கம் வேண்டாம். உள்ளே போவோம்.

3

முதலில் பேசியவள் அனு. சென்னை, பெரிய இடம். மாப்பிள்ளை நியூயார்க்கில் வங்கியாளர், யூதர். அவர்கள் கல்யாணத்தில் ஹூப்பா என்று ஒன்று உண்டு. நான்கு கம்பு, மேலே ஒரு துணி, அதன் கீழே மணமக்கள். நாலு பக்கமும் திறந்திருக்கும். புது வீடு யாருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்பது அதன் பொருளாம். அனு அந்த நான்கு கம்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாள்.

“ஆர்க்கிட் பாங்காக்லேருந்து வந்துச்சு. பட், ஷேட் தப்பு. ஐ க்ரைட். லிட்ரலி அழுதேன். மூணு நாள் எனக்குச் சாப்பாடே எறங்கல.”

கூட்டம் ‘ச்சு’ கொட்டியது. திறந்த வீட்டுக்கு நாலு மூலையிலும் காவலாளி நிறுத்தியதையும் அவள் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நான் பக்கோடாவை விழுங்கிச் சமாளித்தேன்.

இரண்டாவது பேசியவள் ரேச்சல், கலிஃபோர்னியா. கடற்கரைக் கோயிலைப் பார்த்ததும் தன் முன்ஜென்மம் ஞாபகம் வந்து, அங்கேயே—

[இங்கே ஒரு ஒப்புதல். ரேச்சல் என்று யாரும் இல்லை. அன்று வரவேண்டிய மூன்றாவது பெண் வரவில்லை. சிறப்புப் பகுதிக்கு ஒரு வெள்ளைக்கார முகம் வேண்டும் என்றார் ஆசிரியர். நான் உண்டாக்கினேன். அவளுக்கு இருபத்திரண்டு வாசகர் கடிதம் வந்தது. இல்லாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று அப்போதே எனக்குத் தெரியும். இந்தக் கதையில் நான் யாரையாவது திட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.]

4

நவோமி. பெயரை மாற்றியிருக்கிறேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அவள் குடும்பம் கொங்கணக் கடற்கரையில் பல தலைமுறையாக இருக்கும் யூதர்கள். வீட்டில் மராத்தி. அப்பா சாலமன் (இதுவும் மாற்றிய பெயர்) 1985இல் பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞானி. மனைவி இறந்தபின் மகளோடு இங்கேயே தங்கிவிட்டார். நவோமி பேசினால் நம் ஊர்ப் பெண் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

“ஆர்க்கிட் எல்லாம் எங்களுக்குப் பிரச்சனையே இல்லங்க,” என்று ஆரம்பித்தாள். அனுவின் முகம் சுருங்கியது. “எங்க பிரச்சனை ஆளு. பத்து ஆம்பளைங்க வேணும்.”

கூட்டத்தில் ஒருத்தி, “பத்தா! எனக்கு ஒண்ணு கெடைக்கவே முப்பது வயசாச்சு!” என்றாள். நல்ல சிரிப்பு. நவோமியும் சிரித்தாள்.

பிறகு விளக்கினாள். அவர்கள் கல்யாணத்தின் உச்சம் ஏழு வாழ்த்துகள். வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருந்தால்தான் அவற்றைச் சொல்லலாம். இரண்டு சாட்சிகள் இருந்தால் கல்யாணம் செல்லும், ஆனால் பத்துப் பேர் இல்லாமல் அந்த ஏழு வாழ்த்தும் இல்லை. இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனைக்கும் அதே பத்துப் பேர். டவுன்ஷிப்பில் இருந்த யூத ஆண் ஒரே ஒருவர், அவள் அப்பா.

“1994ல தாத்தா தானேல இறந்துட்டாரு. அப்பா லீவு முடிஞ்சு திரும்பி வந்து, பதினோரு மாசம், தெனம் காலைல ஹால்ல நின்னு புக்க தெறப்பாரு. அந்தப் பிரார்த்தனை வர்ற எடத்துல நிறுத்திட்டு மூடிடுவாரு. தனியா சொல்லக் கூடாது. எனக்கு அப்ப ஒம்போது வயசு. ஏன்பா பாதில நிறுத்துறன்னு கேட்டா, ‘ஆள் பத்தலம்மா’ம்பாரு.”

கல்யாணம் 2007 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ‘செவ்வாய் வெறுவாய்’ என்று நம் ஆட்கள் தொடாத நாள், முகூர்த்த மாதத்திலும் விடுதி காலி. அவர்களுக்கோ செவ்வாய்தான் இரட்டிப்பு நல்ல நாள். உலகத்தைப் படைத்தபோது கடவுள் அன்றைக்கு மட்டும் இரண்டு முறை ‘நல்லது’ என்றாராம். பக்கத்து குவார்ட்டர்ஸ் சியாமளா, “செவ்வாக்கெழமையா? பொண்ணு மேல என்ன கோவம் ஒங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு வராமலேயே இருந்துவிட்டாளாம். அடுத்த செவ்வாயிலிருந்து மூன்று வாரம் அவர்களுக்குத் துக்க நாட்கள், நம் ஆடி மாதிரி, கல்யாணம் கூடாது. மாப்பிள்ளைக்கு இஸ்ரேலில் அஷ்தோத் நகரில் வேலை. அந்த வெள்ளியோடு விடுப்பு முடிகிறது.

தானேயிலிருந்து எட்டுப் பேர் ரயிலேறினார்கள். அப்பா, மாப்பிள்ளை, சேர்த்தால் பத்து. வழியில் மாப்பிள்ளையின் மாமா, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மீன் கறியை இரண்டாம் நாளும் விடாமல் சாப்பிட்டு, ரேணிகுண்டாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்.

“ஒம்போது. அப்பா சொல்லிட்டாரு, பத்து இல்லாம கல்யாணம் இல்ல, தள்ளி வைங்கன்னு. அவர் சத்தமா பேசி அப்பதான் மொத தடவ கேட்டேன். அப்புறம்...”

நவோமி முதல் வரிசையைப் பார்த்தாள். அங்கே சுஷ்மிதா உட்கார்ந்திருந்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

“அப்புறம் ஆள் கெடைச்சாரு. கல்யாணம் நல்லா நடந்துச்சு. கடல் சூப்பரா இருந்துச்சு. தேங்க்ஸ்.”

மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். பலத்த கைதட்டல். கதை எங்கே அறுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அறுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு போவதுதான் என் பிழைப்பு, ஆகவே போனேன்.

5

விடுதியின் கார் நிறுத்தும் இடம். நவோமி ஸ்கூட்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தாள்.

“யாரும்மா அந்தப் பத்தாவது ஆளு?”

“கலையரசன் சார்.”

“யூதரா?”

“செய்யூர்க்காரரு. சுஷ்மிதாவோட கார் டிரைவர்.”

[இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் கடற்காற்றை வீசவிடுவான். நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்.]

சுஷ்மிதா முதலில் மாமல்லபுரத்துக்குப் போய், ஒத்தவாடைத் தெருவில் இஸ்ரேலியப் பயணிகளைத் தேடியிருக்கிறாள். ஜூன் மாத வெயிலில் ஒரே ஒருவன் அகப்பட்டான். வாழைப்பழ தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், ‘இதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தியாவுக்கே வந்தேன்’ என்று தோசையை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டான். அவளுக்குச் செண்டை மேளம் குறைந்தால் ஆள் பிடிக்கத் தெரியும், மாப்பிள்ளைத் தோழன் குறைந்தால் கோட்டு மாட்டி ஒருவனை நிறுத்தத் தெரியும். யூதன் குறைந்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். டிரைவருக்கு வெள்ளைச் சட்டை, தலையில் உள்ளங்கை அகல வெள்ளைத் தொப்பி. கேட்டால் கொச்சி யூதர், தொண்டை கட்டிக்கொண்டது, பேச முடியாது. முடிந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பந்தலுக்கு நடந்து வரும்போது. எங்க வழக்கத்துல பொண்ணு வரும்போது மாப்பிள்ளை பாடுவாரு. அவர் பாடறாரு, எல்லாரும் என்னப் பாக்கறாங்க, நான் கலை அண்ணனப் பாக்கறேன். முந்தின நாள்தான் அவர் கார்ல பியூட்டி பார்லர் போயிட்டு வந்தேன். நாப்பது அடி சார். ஒவ்வொரு அடிக்கும் சொல்லிடலாம்னு நெனச்சேன். சொன்னா கல்யாணம் நின்னுடும், அவரு வெள்ளிக்கெழம போயிடுவாரு. அப்புறம் அப்பா எண்ணினாரு.”

அவர்கள் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். எண்ணினால் ஆகாது. பத்தே சொல் கொண்ட ஒரு வேத வரி இருக்கிறது. ஒவ்வொருவர் மேலும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டே போவார்கள். வரி முழுசாக முடிந்தால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக சாலமனின் வரி முதல் சொல்லோடு நின்றுபோயிருந்தது. அன்று ஒவ்வொரு தலையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசிச் சொல்லைக் கலையரசனின் தோளில் கை வைத்துச் சொன்னார்.

“அழுதுட்டாரு சார். ஏழு வாழ்த்தும் சொல்லி முடிச்சப்புறம், சாயங்காலப் பிரார்த்தனைக்கு அப்படியே நில்லுங்கன்னு எல்லாரையும் கேட்டுக்கிட்டாரு. தாத்தாவுக்குச் சொல்ல முடியாம இருந்தத அன்னிக்குச் சொன்னாரு. சத்தமா. பதிமூணு வருஷம் கழிச்சு. ஒம்போது பேர வச்சுக்கிட்டு.”

கொஞ்ச நேரம் ஸ்கூட்டியின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதிடுங்க சார். அப்பா இங்க வந்துதான் தமிழ் படிக்கக் கத்துக்கிட்டாரு. உங்க பத்திரிகைய வாராவாரம் வாங்குவாரு. படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். என்னால அவர் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல.”

எனக்கு வந்தது கோபம்தான். கல்யாணத்துக்கு நிற்க ஆள் பிடித்தார்கள். இப்போது உண்மையைச் சொல்வதற்கும் ஆள் பிடிக்கிறார்கள். ஆர்க்கிட் அனு எவ்வளவோ மேல், தன் அழுகையைத் தானே அழுதாள்.

6

என்னைச் செங்கல்பட்டில் இறக்கிவிட சுஷ்மிதா கார் அனுப்பினாள். ஓட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம். கதையில் இப்படி நடந்தால் நானே நம்பமாட்டேன். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு கார், ஒரு டிரைவர்.

திருக்கழுக்குன்றம் தாண்டினோம். கலையரசன் அவனாகவே ஆரம்பித்தான்.

“அந்தப் பொண்ணு இன்னா சார் சொல்லிச்சு?”

“எல்லாம் சொல்லிச்சு.”

“நான் முடியாதுன்னுதான் சார் சொன்னேன். சாமி விஷயம், வெளையாடக் கூடாது மேடம்னேன். ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு உங்க ஊர்லயே சொல்வாங்கல்ல, இது ஒண்ணுதான் கலை’ன்னுச்சு. அது பேசினா நம்ம வாய் அடைச்சிக்கும். சரி, அரை மணி நேரம் நின்னா இன்னா கொறஞ்சிடப் போவுதுன்னு நின்னேன்.”

“அப்புறம்?”

“அந்தப் பெருசு என் தோள்ல கைய வச்சிகினு அழுவுது சார். எங்கப்பன்கூட என்னத் தொட்டு அழுததில்ல. எனக்கு ரொம்ப பேஜாரா பூட்ச்சு. வூட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட சொன்னா, ‘அந்தத் தொப்பிய இன்னா பண்ண?’ன்னு கேக்கறா. தூக்கிப் போட மனசு வரல. பீரோல கீது.”

இந்த இடத்தில் எனக்கு இவன் மேல் சந்தேகம் வந்தது. நல்ல டிரைவர், உள்ளம் உருகும் ஏழை, இந்த உருப்படியை நாங்கள் எழுத்தாளர்கள் எத்தனை முறை விற்றிருக்கிறோம்! கதைக்காக இவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கலாமா, கூடுதலாக ஏதாவது கேட்டு வாங்கியதாக எழுதலாமா என்று யோசித்தேன். அப்போது அவனே, “ஆனா சார், பிரியாணி சூப்பரு. மூணு தட்டு அடிச்சேன்” என்றான். விட்டுவிட்டேன். இவன் இருக்கிற ஆள்தான்.

7

நான் என்ன எழுதினேன்?

சிறப்புப் பகுதி, பக்கம் 34: ‘மணமகளின் தந்தை கலங்கி நின்ற அந்த நொடியில், கொச்சியிலிருந்து ஓடோடி வந்தார் பத்தாவது மனிதர். கடவுள் அனுப்பிய தூதர்போல...’

உண்மையைச் சொல்ல ஆள் பிடிக்கிறாள் என்று திட்டினேன் அல்லவா? அப்படித் திட்டிய நான் அவளுடைய பொய்க்கு அச்சு மை தடவிக் கொடுத்தேன். ஆசிரியருக்கு மகிழ்ச்சி. சுஷ்மிதா இனிப்புப் பெட்டி அனுப்பினாள். நவோமி ஒன்றும் அனுப்பவில்லை. இரண்டு மாதத்தில் அஷ்தோத்துக்குப் போய்விட்டாள்.

போன மாதம், 2009 மே, பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு உறையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவது மாதிரி வட்ட வட்டமான தமிழ்:

‘ஐயா, தாங்கள் எழுதிய கட்டுரையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இம்மாதம் பணி ஓய்வு பெற்று, பிறகு மகளுடன் வசிக்க வெளிநாடு செல்கிறேன். அங்கே தினமும் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஆனால் எனக்கு இங்கே கிடைத்த பத்தாவது மனிதருக்கு நான் சரியாக நன்றி சொல்லவில்லை. அவருக்கு அன்று தொண்டை சரியில்லை. சுஷ்மிதா அம்மையார் முகவரி தொலைந்துவிட்டது என்கிறார். தாங்கள் அவரைப் பற்றி எழுதியிருப்பதால் தங்களிடம் இருக்கும். ஜூன் மாதம் எர்ணாகுளத்துக்கு முன்பதிவு செய்துவிட்டேன். முகவரி தெரியாவிட்டாலும் கொச்சியில் விசாரித்துக்கொள்வேன். எங்கள் ஆட்கள் அங்கே மிகச் சிலர்தான். பெயர் மட்டுமாவது தெரிவிக்கவும்.’

நான் கிண்டல் எழுதிப் பிழைப்பவன். ஆடம்பரத்தைப் பார்த்தால் ஊசி எடுத்துக் குத்துவேன். இந்தக் கடிதத்தில் குத்துவதற்கு இடமே இல்லை.

8

பதில்கள். மூன்று வரைவு போட்டேன்.

அ) ஒரு முகவரியைப் புனைந்து கொடுப்பது. மட்டாஞ்சேரி, இன்ன தெரு, இன்ன எண். அவர் போவார், வீடு பூட்டியிருக்கும், மூன்று தெரு விசாரிப்பார், திரும்பிவிடுவார். ரேச்சலை உண்டாக்கியவனுக்கு இது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு மனிதர் வெயிலில் இல்லாத வீட்டு எண்ணைத் தேடி நடப்பது என் மேசையிலிருந்தே தெரிந்தது.

ஆ) பத்தாவது ஆளைக் கொன்றுவிடுவது. ‘வருந்துகிறோம், சென்ற ஆண்டு காலமானார்.’ கதாசிரியர்களுக்குப் பிடித்த வழி. எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் செத்தவனுக்காகப் பிரார்த்தனை சொல்லப் பத்துப் பேரைத் தேடிக் கிளம்பிவிடுவார். கிழித்துப் போட்டேன்.

இ) ‘அப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். மகளின் சந்தோஷத்துக்காகத் தெரியாத மாதிரி இருந்தார்.’ இது நவோமி தொலைபேசியில் சொன்னது. கடிதத்தைப் படித்துக் காட்ட அவளைக் கூப்பிட்டிருந்தேன்.

“ஒருவேளை அவருக்குத் தெரியுமோ சார்?”

“தெரிஞ்சவரு எதுக்கும்மா எர்ணாகுளத்துக்கு டிக்கெட் எடுக்கறாரு?”

அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பது மகள்கள் தங்களுக்குத் தாங்களே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு. அதற்கும் பத்துப் பேர் தேவையில்லை, ஒருத்தி போதும். சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பக்கம் 34 எழுதியவன் அதைச் சொல்வதற்கு இல்லை.

“நான் எழுதறேன்மா. கொச்சி இல்லாம. வியாழக்கெழம கடைக்கு வந்துடும். ஞாயித்துக்கெழம அவருக்கு ரயில். வியாழனுக்கு முன்னாடி நீ சொல்லிட்டா, அவரு படிக்கறது கதை. இல்லன்னா, பொட்டிக்கடை வாசல்ல நின்னு தன் சங்கதிய அச்சுல பாக்கப் போறாரு.”

“அம்பது தடவ போன எடுத்துட்டேன் சார். ‘ஹலோ’ன்னு அவரு சொன்னாலே, சாப்டியாப்பான்னு கேட்டுட்டு வச்சிடறேன்.”

“அம்பத்தோராவது தடவயும் எடு.”

“சரி சார்” என்றாள். அந்த ‘சரி’யை நான் நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எது அவள் சொன்ன ‘சரி’ என்று தெரியவில்லை.

9

கலையரசனையும் கேட்டேன். பெயரை மாற்றட்டுமா என்றேன். “என் பேரு இருக்கட்டும் சார். நான் நின்னது நெசம்தானே” என்றான். ஆகவே இந்தக் கதையில் மாற்றாத பெயர் அது ஒன்று. ஊர் செய்யூர். பேருந்து நிலையத்தில் இறங்கி, கார் ஓட்டும் கலை வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். சாலமன் சார், நீங்கள் கேட்ட முகவரி இதுதான். பெயர்களை எவ்வளவு மாற்றினாலும், தலைகளைச் சொற்களால் எண்ணும் பகுதி வந்ததுமே நீங்கள் உங்களை அடையாளம் கண்டிருப்பீர்கள். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையில் அனுவின் ஆர்க்கிட்தான் மிஞ்சும்.

“அவரு வந்தா இன்னா சொல்லுவ?” என்று கலையரசனிடம் கேட்டிருந்தேன், அவன் பேச்சு என்னைத் தொற்றிக்கொண்டு.

“இன்னா சொல்றது? உக்காருங்கம்பேன். டீ குடுப்பேன். அடிச்சாருன்னா வாங்கிக்குவேன்.”

இனி வாசகருக்கு. உங்கள் கையில் இது இருக்கிறது என்றால் வியாழக்கிழமை வந்துவிட்டது. அவள் தொலைபேசியை எடுத்தாளா, அவர் கடைக்குப் போனாரா, ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளம் ரயிலில் அவர் இடம் காலியாகப் போகுமா, அல்லது எல்லாம் தெரிந்த பிறகும் வேறு எங்கு போவதென்று தெரியாமல் அதிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவாரா, எனக்குத் தெரியாது. நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அந்த மூன்று நாளை நான் எழுதமாட்டேன். போன தடவை எழுதித்தான் ஒரு மனிதர் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் குறைந்தபடி விடுங்கள். கொச்சியிலிருந்து மட்டும் யாரையும் கொண்டுவராதீர்கள்.